டவர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நெட்வொர்க் மட்டும் இல்ல: இது எப்படி நடக்குது?

2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை விடியக்காலைல கனடாவுல ராஜர்ஸ் கம்பெனியோட நெட்வொர்க் மொத்தமா படுத்துடுச்சு. செல்போன், வீட்டு இன்டர்நெட், லேண்ட்லைன் எல்லாம் போச்சு. கடைல கார்டு தேய்க்கிற இன்டராக் சிஸ்டமும் அவங்க லைனை நம்பித்தான் இருந்துச்சு, அதனால ராஜர்ஸ் கஸ்டமரே இல்லாதவங்களும் காசு கட்ட முடியாம நின்னாங்க. 1 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல பாதிப்பு. அடுத்த வருஷம் நவம்பர் 8, ஆஸ்திரேலியாவுல ஆப்டஸ், கிட்டத்தட்ட 1 கோடி பேர், இதுவும் விடியக்காலைலதான்.

ரெண்டு எடத்துலயும் புயல் இல்ல, பூகம்பம் இல்ல, யாரும் கேபிளை வெட்டல, ஹேக்கிங்கும் இல்ல. டவர் எல்லாம் கரண்டோட கம்பீரமா நின்னுட்டு இருந்துச்சு. செய்தி வந்ததும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: இவ்ளோ பெரிய கம்பெனி பேக்கப் வச்சிருக்க மாட்டாங்களா? வச்சிருந்தாங்க, நிறையவே வச்சிருந்தாங்க. ஆனா பேக்கப் இருக்கிறதும் அடி தாங்குறதும் ஒண்ணு இல்ல. இன்னும் சொல்லப்போனா, நெட்வொர்க் தன்னைத்தானே மாத்திக்கிற அந்த புத்திசாலித்தனமே சில நாள் அதைக் கவுத்து விடுது. இது 1980லயே தெரிஞ்ச விஷயம், இன்னும் தீராத விஷயம்.

முதல்ல மூணு சொல்லைப் பிரிச்சு வச்சுக்கலாம்

செய்தில இதெல்லாம் ஒண்ணாப் போட்டுக் குழப்புறாங்க, அதனாலதான் பாதிப் பிரச்சனை.

1. ரெடண்டன்சி: ஒண்ணுக்கு ரெண்டா வைக்கிறது. ரெண்டு கேபிள், ரெண்டு ரூட்டர் (டேட்டாவை எந்தப் பக்கம் அனுப்பணும்னு பாத்து அனுப்புற பெட்டி), ரெண்டு டேட்டா சென்டர். காசு குடுத்து வாங்கிடலாம்.

2. அடாப்டிவ்: நிலைமை மாறும்போது நெட்வொர்க் தானா கண்டுபிடிச்சு வழியை மாத்திக்கிறது. ஒரு லிங்க் போனா இன்னொரு லிங்க் வழியா அனுப்புறது, நெரிசல் வந்தா வேகத்தைக் குறைக்கிறது. இது சாஃப்ட்வேர் வேலை.

3. ரெசிலியன்ஸ்: எந்த அடி விழுந்தாலும் ஏத்துக்கிற அளவுக்காவது சேவையைக் குடுத்துட்டு, சீக்கிரமா பழைய நிலைக்குத் திரும்புறது. இது தனியா ஒரு பெட்டில வர்ற சமாச்சாரம் இல்ல, மொத்த சிஸ்டத்தோட குணம், அதை ஓட்டுற ஆளுங்களும் அவங்க கையில இருக்கிற சாவியும் கூட இதுல சேத்தி.

முதல் ரெண்டும் இருந்தா மூணாவது தானா வந்துடும்னு நினைக்கிறோம். வராது.

பாரன் போட்ட கணக்கு

1960கள்ல அமெரிக்காவுல ராண்ட் கார்ப்பரேஷன்ங்கிற ஆராய்ச்சி நிறுவனத்துல இருந்த பால் பாரன்கிட்ட இருந்த கேள்வி ரொம்ப நேரடியானது. அணுகுண்டு விழுந்து பாதி போன் எக்ஸ்சேஞ்ச் அழிஞ்சாலும் மிச்சம் இருக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க முடியுமா? அன்னைக்கு இருந்த போன் நெட்வொர்க் மரம் மாதிரி அமைப்பு, நடுவுல இருக்கிற சில பெரிய எக்ஸ்சேஞ்ச் போனா எல்லாம் போச்சு. அவர் நடுவே இல்லாத ஒரு வலையைப் போட்டுப் பாத்தார், ஒவ்வொரு நோடும் (லைன்கள் வந்து சேர்ற இணைப்புப் புள்ளி) பக்கத்துல இருக்கிற சில நோடுகளோட மட்டும் இணைஞ்சிருக்கும். கம்ப்யூட்டர்ல சிமுலேஷன் ஓட்டினா ஆச்சரியமான விடை வந்துச்சு: லிங்கைப் பத்து இருபது மடங்கு பெருக்க வேண்டியதில்ல, எல்லா நோடையும் இணைக்கத் தேவையான குறைஞ்சபட்ச லிங்கைப் போல மூணு நாலு மடங்கு இருந்தாலே போதும், நிறைய நோடுகளை அழிச்சாலும் மிச்சம் இருக்கிறதுல கிட்டத்தட்ட எல்லாமே தொடர்புல இருக்கும். 1964ல 11 தொகுதியா இதை வெளியிட்டாங்க. செய்தியைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டும் தனக்குக் கிடைச்ச வழில போகட்டும்ங்கிறதும் அதுலயே இருந்துச்சு. அதே யோசனைக்குத் தனியா வந்து சேந்த பிரிட்டன்காரர் டொனால்ட் டேவிஸ்தான் அந்தத் துண்டுக்கு பேக்கெட்னு பேர் வச்சார்.

போற போக்குல ஒண்ணு: இன்டர்நெட்டே அணுகுண்டைத் தாங்கத்தான் கட்டினாங்கனு ஒரு கதை சுத்துது. பாரனோட ஆராய்ச்சி அதுக்குத்தான், ஆனா 1969ல ஆரம்பிச்ச, இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட் ஆராய்ச்சிக் கூடங்களோட கம்ப்யூட்டர்களைப் பகிர்ந்துக்கக் கட்டினது.

பாரன் கணக்குல ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அவர் அழிச்சுப் பாத்ததெல்லாம் பொருள்: நோட் அழியும், லிங்க் அழியும். அழியாம மிச்சம் இருக்கிற நோட் ஒழுங்கா வேலை செய்யும்ங்கிறது அதுக்குள்ள இருக்கிற அனுமானம். செத்துப்போன ரூட்டரால வலைக்குப் பெரிய ஆபத்து இல்ல. உயிரோட இருந்து தப்பாப் பேசுற ரூட்டர்தான் ஆபத்து.

வழி யாருக்குத் தெரியும்?

ஒவ்வொரு ரூட்டருக்குள்ளயும் ரெண்டு வேலை நடக்குது. வர்ற பேக்கெட்டைப் பாத்து சரியான பக்கம் தள்ளி விடுறது ஒண்ணு, இதை டேட்டா பிளேன்னு சொல்வாங்க. எந்தப் பக்கம் தள்ளணும்ங்கிற அட்டவணையைத் தயார் பண்றது இன்னொண்ணு, அது கண்ட்ரோல் பிளேன். அட்டவணையை யாரும் கையால எழுதுறதில்ல. ரூட்டருங்க தங்களுக்குள்ள பேசிக்கிட்டே இருக்கும், "என் வழியா இந்த முகவரிக்குப் போகலாம்", "என் பக்கத்து லிங்க் போயிடுச்சு" அப்படின்னு. கேட்ட சேதியை ஒவ்வொரு ரூட்டரும் அடுத்ததுக்குச் சொல்லும். கம்பெனிக்கு உள்ள இதுக்கு ஓஎஸ்பிஎஃப், ஐஎஸ்-ஐஎஸ் மாதிரி புரோட்டோகால், கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடுவுல பிஜிபி. உலகம் முழுக்க இருக்கிற முகவரிக் கூட்டங்களுக்கான பிஜிபி அட்டவணைல பழைய ஐபி முறைக்கு மட்டுமே 9 லட்சத்துக்கும் மேல வரிகள் இருக்கு.

அடாப்டிவ்னு நாம சொல்றது பெரும்பாலும் இந்தப் பேச்சைத்தான். ஒரு கேபிள் அறுந்தா அந்தச் சேதி பரவும், எல்லாரும் அட்டவணையை மாத்திக்குவாங்க, டிராஃபிக் வேற வழில ஓடும். நல்லா டியூன் பண்ண நெட்வொர்க்ல பேசிட்டு இருக்கிறவங்களுக்கே தெரியாது. தினமும் உலகத்துல எங்கயாவது ஜேசிபி ஃபைபரைக் கிழிச்சுட்டுத்தான் இருக்கு, நமக்கு ஒண்ணும் ஆகுறதில்ல. அதெல்லாம் இந்தப் பேச்சோட வெற்றி, யாரும் செய்தி போட மாட்டாங்க.

சரியான சேதி எவ்ளோ வேகமாப் பரவுமோ தப்பான சேதியும் அதே வேகத்துலதான் பரவும். தடுக்கிறதுக்குன்னு தனியா ஏதாவது வைக்கலன்னா யாருமே தடுக்காத மாதிரிதான் இதைக் கட்டியிருக்கோம்.

44, 40, 8

1980 அக்டோபர் 27, அர்பாநெட் மொத்தமும் பல மணி நேரம் நின்னுபோச்சு. காரணம் மூணே மூணு சின்ன மெசேஜ்.

அன்னைக்கு ஒவ்வொரு நோடும் தன்னோட லிங்க் நிலவரத்தை அப்பப்ப எல்லாருக்கும் அனுப்பும். எது புதுசு எது பழசுன்னு தெரியணும்ல, அதுக்கு ஒரு வரிசை எண் போட்டிருப்பாங்க. ஆறு பிட் எண், அதாவது 0லருந்து 63 வரைக்கும் போய் மறுபடி 0க்குத் திரும்பும். வட்டமாச் சுத்துறதால வெறுமனே பெருசா சின்னதான்னு பாக்க முடியாது, வட்டத்துல பாதி தூரத்துக்குள்ள முன்னாடி இருக்கிறது புதுசுன்னு விதி வச்சாங்க.

ஒரு நோட்ல மெமரி கோளாறு. லைன்ல போகும்போது மெசேஜ் கெட்டுப்போனா கண்டுபிடிக்க செக்சம் இருந்துச்சு, மெமரிக்குள்ள உக்காந்திருக்கும்போது ஒரு பிட் உதிர்ந்தா கண்டுபிடிக்க ஒண்ணும் இல்ல. 44ங்கிற எண் பைனரில 101100. ஒரு பிட் உதிர்ந்தா 101000, அது 40. இன்னொண்ணு உதிர்ந்தா 001000, அது 8. ஒரே நோட் பேர்ல இந்த மூணு எண்ணோட மூணு மெசேஜ் வெளிய கிளம்பிடுச்சு. இப்ப விதியைப் போட்டுப் பாருங்க:

1. 40ஐ விட 44 புதுசு, நாலு படி முன்னாடி.
2. 8ஐ விட 40 புதுசு, சரியா 32 படி, எல்லைக்குள்ளதான் வருது.
3. 44ஐ விட 8 புதுசு, ஏன்னா 44லருந்து வட்டத்தைச் சுத்தி வந்தா 28 படில 8 வந்துடும்.

மூணுல எது கைல இருந்தாலும் அடுத்து வர்றது புதுசாத் தெரியும். உடனே அதை எடுத்து வச்சுக்கிட்டு பக்கத்துல எல்லாருக்கும் அனுப்பணும், அது விதி. எல்லா நோடும் விதிப்படிதான் நடந்துச்சு. மூணு மெசேஜும் முடிவே இல்லாம சுத்துது, பஃபர் நிரம்புது, உண்மையான வேலைக்கு எடமே இல்ல. ஒரு நோடை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா அது சுத்தமா எழுந்திருக்கும், அடுத்த நொடியே பக்கத்து நோட் அந்த மெசேஜை ஊட்டி விட்டுடும். கடைசில எல்லா நோட்லயும், அந்தக் குறிப்பிட்ட நோட் பேர்ல வர்ற மெசேஜை மதிக்காதேன்னு ஒரு பேட்ச் போட்டுத்தான் மீட்டாங்க.

ஆராய்ச்சி உலகம் இதுலருந்து எடுத்துக்கிட்டது பெரிய விஷயம். ராடியா பெர்ல்மன் 1983ல எழுதின கட்டுரைல கேள்வியையே மாத்திப் போட்டாங்க: எப்படித் தப்பு நடக்காமப் பாத்துக்கிறதுன்னு இல்ல, எப்படிப்பட்ட குப்பை உள்ள வந்தாலும், குப்பை போட்ட மெஷினை வெளிய எடுத்துட்டா, நெட்வொர்க் யாரும் தொடாம தானா சுத்தமாகுமா? இதுக்கு செல்ஃப் ஸ்டெபிலைசேஷன்னு பேர். வட்ட எண்ணைத் தூக்கிட்டு நேர்கோட்டு எண், ஒவ்வொரு மெசேஜுக்கும் ஆயுசு. இன்னைக்கு ஓஎஸ்பிஎஃப்ல ஒரு தகவலோட ஆயுசு அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதுக்குள்ள புதுப்பிக்கலன்னா எல்லாரும் தூக்கிப் போட்டுடுவாங்க. அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னாடி இந்த 44, 40, 8 கதைதான் இருக்கு.

ராஜர்ஸும் ஆப்டஸும்: லிமிட் இல்லாம ஒண்ணு, லிமிட்டால ஒண்ணு

இப்ப மறுபடி 2022க்கு வருவோம். ராஜர்ஸ் தங்களோட கோர் நெட்வொர்க்கை (எல்லா டிராஃபிக்கும் வந்து சேர்ற நடு மையம்) ஏழு கட்டமா அப்கிரேட் பண்ணிட்டு இருந்தாங்க, அன்னைக்கு நடந்தது ஆறாவது கட்டம். முதல்ல இந்த வேலையை அதிக ரிஸ்க்னு வகைப்படுத்தியிருந்தாங்க, முந்தின கட்டங்கள் நல்லபடியா முடிஞ்சதால அவங்க ரிஸ்க் கணக்குப் போடுற முறையே அதைக் குறைஞ்ச ரிஸ்க்னு இறக்கி விட்டுடுச்சு. விடியக்காலை 4:43க்கு டிஸ்ட்ரிபியூஷன் ரூட்டர்கள்ல இருந்த ஒரு ஃபில்டரை எடுத்தாங்க. அந்த ஃபில்டர்தான் வெளி உலகத்து ரூட்டிங் தகவல் மொத்தமும் கோருக்குள்ள கொட்டாமத் தடுத்துட்டு இருந்தது. கொட்டுச்சு. கோர் ரூட்டர்களுக்கு இவ்ளோதான் ஏத்துக்கணும்ங்கிற வரம்பு வச்சிருக்கல, மெமரி திணறி சில நிமிஷத்துல எல்லாம் சாஞ்சுடுச்சு.

அப்ப வரம்பு வச்சிருந்தா தப்பிச்சிருக்கலாம்ல? அதுக்குத்தான் ஆப்டஸைப் பாக்கணும். அங்க வரம்பு இருந்துச்சு. ஆப்டஸோட தாய்க் கம்பெனி சிங்டெல், அவங்களோட வட அமெரிக்க இணைப்பு மையம் ஒண்ணுல சாஃப்ட்வேர் அப்கிரேட் நடந்தப்போ ரூட்டிங் தகவல் வேற பாதைல திரும்பி ஒரே நேரத்துல நிறைய வந்து விழுந்துச்சு. ஆப்டஸ்ல சுமார் 90 ரூட்டர்கள்ல இந்த அளவுக்கு மேல வந்தா தொடர்பைத் துண்டிச்சுக்கோன்னு பாதுகாப்பு செட்டிங் இருந்துச்சு, ரூட்டர் செஞ்ச கம்பெனி வச்சு அனுப்பின டிஃபால்ட் மதிப்பு. ஒவ்வொண்ணும் தன்னைக் காப்பாத்திக்க தானே வெளிய போயிடுச்சு. 90ம் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல. சில எடத்துக்கு ஆள் நேர்ல போய் ரீசெட் பண்ண வேண்டியிருந்துச்சு, அது ஆஸ்திரேலியா சைஸ் நாட்டுல என்னன்னு நினைச்சுப் பாருங்க. ரெண்டு வாரத்துக்குள்ள தலைமை அதிகாரி கெல்லி பேயர் ராஸ்மரின் ராஜினாமா பண்ணாங்க.

ஒண்ணுல வரம்பு இல்லாம செத்துச்சு, இன்னொண்ணுல வரம்பு இருந்ததால செத்துச்சு. இதைப் படிச்சுட்டு சிலர் எது பண்ணாலும் வேஸ்ட்னு முடிவுக்கு வர்றாங்க, அது சரியில்ல. ரெண்டுலயும் பொதுவா இருந்தது வேற: எல்லா ரூட்டரும் ஒரே மாதிரி, ஒரே செட்டிங், ஒரே தகவல் எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல போய்ச் சேரும். அதனால ஒண்ணு விழுற காரணத்துக்கு எல்லாம் விழும். ரெண்டு வச்சிருந்தாலும் இருபது வச்சிருந்தாலும் அது எண்ணிக்கைல ஒண்ணுதான். ராஜர்ஸ் பிறகு அறிவிச்ச முக்கியமான மாற்றமும் இதுதான், செல்போன் கோரையும் வீட்டு இன்டர்நெட் கோரையும் தனித்தனியாப் பிரிக்கிறது. முன்னாடி ரெண்டுக்கும் ஒரே கோர், செலவு கம்மி, நிர்வாகம் சுலபம்.

பேப்பர்ல ரெண்டு, மண்ணுக்குள்ள ஒண்ணு

இதே கதை கேபிள்லயும் இருக்கு, அது புரிய சுலபம். 2001 ஜூலை 18, அமெரிக்காவுல பால்டிமோர் நகரத்துக்கு அடில போற ஹோவர்ட் ஸ்ட்ரீட் சுரங்கத்துல சரக்கு ரயில் தடம் புரண்டு தீப்பிடிச்சுது. அந்தச் சுரங்கத்துக்குள்ளயே பல கம்பெனிகளோட ஃபைபர் ஓடிட்டு இருந்துச்சு. பாதுகாப்புக்குன்னு ரெண்டு கம்பெனில லைன் வாங்கினவங்களுக்கு ரெண்டுமே போச்சு. ரெண்டு டிராவல்ஸ்ல டிக்கெட் எடுத்தாலும் ரெண்டு பஸ்ஸும் அதே பாலத்து மேலதான் போகுதுன்னா பாலம் உடைஞ்ச அன்னைக்கு என்ன பிரயோஜனம். ஒரே விபத்துல சேந்து போகக்கூடிய லிங்குகளை ஒரு குழுவாக் குறிச்சு வச்சு, பேக்கப் பாதை அந்தக் குழுவுக்குள்ள வராமக் கணக்குப் போடுற முறை இப்ப இருக்கு. கணக்கு சுலபம், எந்த ஃபைபர் எந்தக் குழாய்ல போகுதுங்கிற உண்மையான தகவல் கிடைக்கிறதுதான் கஷ்டம், ஒரு கம்பெனிகிட்ட வாடகைக்கு எடுத்து இன்னொருத்தர் விக்கிறாங்க, அவங்ககிட்டருந்து மூணாவது ஆள்.

கடல்ல போனா இன்னும் வெளிப்படையாத் தெரியும். பசிபிக் தீவு நாடான டோங்காவுக்கு அப்ப ஃபிஜிலருந்து 827 கிலோமீட்டர் ஒரே ஒரு கேபிள்தான் இருந்துச்சு. 2022 ஜனவரி 15 எரிமலை வெடிச்சு அது அறுந்து, பப்புவா நியூ கினியாலருந்து ரிப்பேர் கப்பல் வந்து சரி பண்ண அஞ்சு வாரத்துக்கு மேல ஆச்சு. அந்த நாட்டுக்கு அது வரைக்கும் மிஞ்சினது கொஞ்சூண்டு சாட்டிலைட்தான்.

இந்தியாவுக்கு அப்படி ஒத்தை கேபிள் இல்லதான், 2023 வாக்குல வெளிநாட்டுக் கேபிள்கள் பதினேழு கிட்ட வந்துச்சு. ஆனா பெரும்பாலானது மும்பைலயும் சென்னைலயும்தான் கரையேறுது, மும்பைலயும் வெர்சோவா பக்கம் ஒரு சின்ன கடற்கரைத் துண்டுல அடர்த்தியா. தூத்துக்குடிலருந்து இலங்கைக்கு ஒண்ணு போகுது, கொச்சி, திருவனந்தபுரத்துல கொஞ்சம். சென்னைலருந்து அந்தமானுக்கு 2020 ஆகஸ்ட்ல திறந்த சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் வர்ற வரைக்கும் அந்தத் தீவுங்க சாட்டிலைட்டை நம்பித்தான் இருந்துச்சு. மேற்குப் பக்கம் ஐரோப்பாவுக்குப் போறதுல பெரும்பகுதி செங்கடல்ங்கிற ஒரே சந்து வழியா, அங்க 2024லயும் 2025லயும் கேபிள் அறுந்து ஆசியா ஐரோப்பா டிராஃபிக் தடுமாறுனதைப் பாத்தோம். வரைபடத்துல கோடு பல இருக்கும், சந்து ஒண்ணுதான்.

உள்ள போய் சரி பண்ண வழி எங்க?

எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்ப முக்கியமாப் படுறது இது. நெட்வொர்க் படுத்தா அதைச் சரி பண்ண இன்ஜினியர் உள்ள லாகின் பண்ணணும். எதன் வழியா? அதே நெட்வொர்க் வழியா.

1. ராஜர்ஸ்ல மேனேஜ்மென்ட் நெட்வொர்க்கே கோரை நம்பி இருந்துச்சு. கோர் போனதும் இன்ஜினியர்களுக்கு ரூட்டர் லாக் எதுவும் தெரியல, அவங்க போனும் ராஜர்ஸ்தான், ஒருத்தருக்கொருத்தர் பேசுறதே பெரும்பாடாச்சு. போட்டிக் கம்பெனிங்க பெல்லும் டெலஸும் உதவ முன்வந்தாங்க, ஆனா கஸ்டமரை அவங்க நெட்வொர்க்குக்கு மாத்தி விடணும்னா இவர் எங்க ஆளுதான்னு சொல்ற டேட்டாபேஸ் வேணும், அதுவும் கோருக்கு உள்ள மாட்டிக்கிச்சு.

2. 2021 அக்டோபர் 4, ஃபேஸ்புக். பராமரிப்பு வேலைல போட்ட ஒரு கமாண்ட் அவங்க டேட்டா சென்டர்களை இணைக்கிற மொத்த பேக்போனையும் துண்டிச்சுடுச்சு, தப்பான கமாண்டைத் தடுக்க வேண்டிய டூல்ல பக். அதுக்கப்புறம் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது: டேட்டா சென்டரோட பேச முடியலன்னா தன்கிட்ட ஏதோ கோளாறுன்னு நினைச்சு டிஎன்எஸ் சர்வர் (வெப்சைட் பேருக்கு முகவரி சொல்றது) தன் பிஜிபி அறிவிப்பை வாபஸ் வாங்கிக்கும், அப்படித்தான் டிசைன். ஒரு சர்வருக்கு அது நல்ல டிசைன், அது ஒதுங்கிக்கும், பக்கத்துல இருக்கிறது பாத்துக்கும். அன்னைக்கு எல்லா சர்வரும் ஒரே முடிவுக்கு வந்து இன்டர்நெட்லருந்தே ஃபேஸ்புக் காணாமப் போச்சு. நேர்ல போய் சரி பண்ண வேண்டியதாகி, உள்ள நுழையுற பாதுகாப்பு முறைகளைத் தாண்டவே நேரம் போச்சு, மொத்தம் ஆறு மணி நேரத்துக்கு மேல.

3. 2019 ஜூன் 2, கூகுள். ஒரு பராமரிப்பு ஆட்டோமேஷன் பல எடத்துல இருந்த நெட்வொர்க் கண்ட்ரோல் சாஃப்ட்வேரை ஒண்ணா நிறுத்திடுச்சு. இங்க ஒரு நல்ல டிசைனும் இருந்துச்சு, கண்ட்ரோல் போனாலும் கடைசியா இருந்த அட்டவணையை வச்சே டேட்டா பிளேன் கொஞ்ச நேரம் ஓடும், ஃபெயில் ஸ்டாடிக்னு சொல்வாங்க. அந்தக் கொஞ்ச நேரம் பத்தல. அதுக்கப்புறம் வந்த நெரிசல்ல சரி பண்ற டூலுங்களுக்கே வழி கிடைக்கல.

கனடாவுல அப்புறம் பெரிய கம்பெனிங்க எல்லாம் அவசர காலத்துல ஒருத்தருக்கொருத்தர் உதவ ஒப்பந்தம் போட்டாங்க. இந்தியாவுலயும் புயல் நேரத்துல இன்ட்ரா சர்க்கிள் ரோமிங்னு ஒண்ணைத் திறந்து விடுறாங்க, உங்க கம்பெனி டவர் இல்லன்னா பக்கத்துல எது இருக்கோ அதுல போன் ஒட்டிக்கும். டவர் போனா இது நல்லா வேலை செய்யும். கோர் போனா செய்யாது, மேல சொன்ன டேட்டாபேஸ் காரணம்தான்.

ஆராய்ச்சி இப்ப எந்தப் பக்கம் போகுது

2000ல நேச்சர் பத்திரிகைல ஆல்பர்ட், ஜியோங், பராபாசி எழுதின கட்டுரை ரொம்பப் பிரபலம்: இன்டர்நெட் மாதிரி வலைல ஏதோ ஒரு நோட் போனா ஒண்ணும் ஆகாது, குறி வச்சு நிறைய இணைப்பு இருக்கிற பெரிய ஹப்பை அடிச்சா சிதறிடும்னு. படம் போட்டுக் காட்ட அழகா இருக்கும். 2005ல ஜான் டாயில் குழு அதை மறுத்தாங்க: நிஜமான இன்டர்நெட் அப்படிக் கட்டப்படல, அதிக இணைப்பு இருக்கிற ரூட்டர் நடுவுல இல்ல, ஓரத்துல கஸ்டமர்களைச் சேக்கிற எடத்துல இருக்கு, பலவீனம் வலையோட வடிவத்துல இல்ல, புரோட்டோகாலை நம்புறதுல இருக்குன்னு. மேல பாத்த கேஸ் எல்லாம் டாயில் பக்கம்தான் சாட்சி சொல்லுது.

இதை முழுசா ஒரு சட்டகத்துக்குள்ள கொண்டு வந்தது கான்சாஸ் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் ஸ்டெர்பென்ஸும் லான்காஸ்டர் டேவிட் ஹட்சிசனும் நடத்தின ரெசிலிநெட்ஸ் ஆராய்ச்சி, 2010 கட்டுரை இந்தத் துறைல எல்லாரும் படிக்கிறது. ரெண்டு சுத்து. உள் சுத்து உடனே ஓடணும்:

1. தற்காப்பு
2. கண்டுபிடிக்கிறது
3. சமாளிக்கிறது, அதாவது பாதியாவது சேவை குடுக்கிறது
4. மீள்றது

வெளி சுத்து மெதுவா ஓடும்: என்ன ஆச்சுன்னு ஆராயுறது, டிசைனை மாத்துறது. கேட்க சாதாரணமா இருக்கும், ஆனா ஒவ்வொரு பெரிய அவுட்டேஜையும் இதுல வச்சுப் பாத்தா எந்தப் படில சறுக்கினாங்கன்னு தெரிஞ்சுடும். பெரும்பாலான காசு முதல் படிக்குப் போகுது. சறுக்குறது ரெண்டாவதுலயும் மூணாவதுலயும்.

இன்னொரு பக்கம் டிலே டாலரண்ட் நெட்வொர்க். முனைலருந்து முனைக்கு முழுப் பாதை இந்த நொடி இருக்கணும்ங்கிற எதிர்பார்ப்பையே விட்டுட்டு, கிடைச்ச எடம் வரைக்கும் கொண்டு போய் வச்சுக்கோ, அடுத்த வழி திறக்கும்போது தள்ளுங்கிற முறை. விண்வெளிக்காக யோசிச்சது, 2024 பிப்ரவரில நாசா அனுப்பின பேஸ் சாட்டிலைட் இதைத்தான் தினசரி வேலைக்கு வச்சிருக்கு. வெள்ளத்துல துண்டிக்கப்பட்ட ஊருக்கும் பொருந்தும்னு நிறைய கட்டுரை வந்திருக்கு, நம்ம போனுக்குள்ள இன்னும் வரல.

ஏஐ வச்சு நெட்வொர்க் தானா முடிவெடுக்கும்ங்கிற ஆராய்ச்சிக்குத்தான் இப்ப மவுசு. டிராஃபிக் கணிக்க, கோளாறை மோப்பம் பிடிக்க நல்லாவே உதவும். ஆனா எல்லா ரூட்டருக்கும் ஒரே மாடல், ஒரே அப்டேட்னு போட்டா அது ஆப்டஸோட 90 டிஃபால்ட் செட்டிங்குக்கு புதுச் சட்டை போட்ட மாதிரிதான், இதைப் பத்தின பேச்சு அந்த விளம்பரத்துல கம்மி.

கரண்ட், சுருக்கமா

டவரைப் பொறுத்தவரைக்கும் பெரிய எதிரி காத்து இல்ல, கரண்ட். 2017ல மரியா புயல் அடிச்ச மறுநாள் போர்ட்டோ ரிக்கோவுல 95 சதவீதத்துக்கு மேல டவர் வேலை செய்யல, கரண்ட் திரும்பாததால மாசக்கணக்குல இழுத்துச்சு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துல டீசல் கொண்டு போக ரோடே இல்ல. 2025 ஏப்ரல் 28 ஸ்பெயின், போர்ச்சுகல் கிட்டத்தட்ட மொத்தமும் இருட்டானப்போ முதல்ல போன் ஓரளவு வேலை செஞ்சு, பேட்டரி தீரத் தீர ஒவ்வொண்ணா அணைஞ்சுது. கத்ரினா புயலுக்கு அப்புறம் அமெரிக்காவுல டவருக்கு எட்டு மணி நேர பேட்டரி கட்டாயம்னு 2007ல விதி போட்டாங்க, கம்பெனிங்க எதிர்த்து அது நடைமுறைக்கே வரல.

போன்ல சிக்னல் இருக்கு, 911 போகல

கடைசியா, உயிர் சம்பந்தப்பட்ட பகுதி. பொதுவா உங்க கம்பெனி சிக்னல் சுத்தமா இல்லன்னா அவசர எண்ணை அடிக்கும்போது போன் வேற எந்த கம்பெனி டவரையும் பிடிச்சுக்கும். ராஜர்ஸ் அன்னைக்கு டவர் எல்லாம் உயிரோட இருந்துச்சு, சிக்னல் அனுப்பிட்டே இருந்துச்சு, பின்னாடி கோர் மட்டும் இல்ல. போன் பாத்துச்சு, என் கம்பெனி டவர் இருக்கே, வேற எங்க போகணும்னு அங்கயே ஒட்டிட்டு நின்னுச்சு. பலருக்கு 911 போகல. ஆப்டஸ்லயும் அதேதான், 2000க்கும் மேலானவங்களோட 000 (அந்த நாட்டு அவசர எண்) கால் போகல. இதுக்குத் தீர்வு, கோரோட தொடர்பு போனா டவர் தன் சிக்னலை தானே அணைச்சுக்கணும், அப்பத்தான் போன் வேற வீடு தேடும்.

2025 செப்டம்பர் 18, மறுபடி ஆப்டஸ். இந்தத் தடவை ஃபயர்வால் அப்கிரேட். சாதாரண கால் எல்லாம் போகுது, இன்டர்நெட் ஓடுது, தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, வடக்குப் பிரதேசம் இங்கெல்லாம் 000 மட்டும் நூத்துக்கணக்குல விழாமப் போச்சு, உயிரிழப்பும் நடந்துச்சு. மொத்த டிராஃபிக் அளவு குறையாததால அலாரம் எதுவும் அடிக்கல, கஸ்டமருங்க கூப்பிட்டுச் சொன்னதும் உடனே மேல போகல. ஸ்டெர்பென்ஸ் பட்டியல்ல ரெண்டாவது படி. ஒரு மாநிலத்துல ஒரு ராத்திரி வர்ற அவசர கால் மொத்த கால்ல துளியூண்டு, அது பூஜ்யம் ஆனா கிராஃப்ல கோடு கூட அசையாது. அதைத் தனியாப் பிரிச்சு எண்ணணும், ஒவ்வொரு மாத்தம் பண்ணதும் டெஸ்ட் கால் போட்டுப் பாக்கணும். ஆனா நினைச்ச நேரத்துக்கெல்லாம் 000க்கு டெஸ்ட் கால் போடவும் முடியாது, அந்தப் பக்கம் உக்காந்திருக்கிற ஆள் நிஜமான ஆள், அவர் டெஸ்ட் காலை எடுக்கிற அந்த இருபது நொடில வேற யாரோ லைன்ல காத்துட்டு இருக்கலாம்.